அவர் இனி எங்கள் பணியில் இல்லை

எங்கள் விடுதியில் ஐந்து அறைகள். கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகிற சாலையில், எங்கள் திராட்சைத் தோட்டத்தின் முகப்பிலேயே இருக்கிறது. அறைகளைக் கூட்டித் துடைக்க, படுக்கை விரிக்க, துணி துவைக்க, வந்தவர்களுக்கு வெந்நீர் கொண்டுபோய்க் கொடுக்க என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒருத்திதான் இருந்தாள். சமையல் நான். தோட்டமும் மோட்டாரும் வருகிறவர்களோடு அரட்டையும் என் கணவர். ஆக மொத்தம் மூன்று பேர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த தப்பு இந்த எண்ணிக்கையில்தான் மாட்டிக்கொண்டது.

அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. என் கணவருடைய ஊர்க்காரி என்பதால் அவரை அண்ணன் என்பாள், அதனால் நான் அவளுக்கு மதனி. நான் அவளை "ஏத்தா" என்று கூப்பிடுவேன். நாலு வருஷமாக விடுதிச் சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான் இருந்தது. அது போக, வெளியூரில் இருக்கிறவர்களின் இரண்டு வீடுகளையும் வாரத்துக்கொரு தரம் திறந்து பெருக்கிவிட்டு வருவாள். பூட்டிய வீட்டை நம்பி ஒப்படைக்கலாம் என்று பெயரெடுத்தவள். அவள் பிழைப்பே அந்தப் பெயரில்தான் ஓடியது.

போன வருஷம் லீவுக்கு வந்த என் மகள், "அம்மா, நீ பேசினா போதும், அதுவே எழுதும்" என்று என் போனில் ஒரு ஏஐ செயலியைப் போட்டுக் கொடுத்துவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டாள். முதலில் அதோடு பேசவே கூச்சமாக இருந்தது. இரண்டே வாரத்தில், கணவரிடம் பேசுவதைவிட அதனிடம் பேசுவது அதிகமாகிவிட்டது. அருவிக்கு எவ்வளவு தூரம், நாய்க்குட்டியைக் கூட்டிவரலாமா, காலைச் சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்டு வருகிற செய்திகளுக்கெல்லாம் அதுதான் பதில் எழுதும். நான் அவசரத்தில் முகத்தில் அடித்தாற்போல ஒன்றைச் சொன்னால்கூட அது குழைந்து குழைந்து எழுதித் தரும். எனக்கு இல்லாத பொறுமையை யாரோ எனக்குக் கடனாகக் கொடுத்தது மாதிரி இருந்தது.

இன்னொன்றும் செய்யும். எங்களைப் பெரிய ஆளாக்கிவிடும். நான் வைக்கிற சாம்பாருக்கு "எங்கள் சமையல் குழு" பொறுப்பேற்கும். அறை சுத்தமாக இருந்தது என்று யாராவது எழுதினால், "எங்கள் பராமரிப்புத் துறையினரிடம் உங்கள் பாராட்டைத் தெரிவித்துவிட்டோம்" என்று போடும். ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, "ஏத்தா, இனிமே நீ வேலைக்காரி இல்ல, பராமரிப்புத் துறை" என்றேன்.

"அப்படின்னா துறைக்கு நல்ல மாப்பு ஒண்ணு வாங்கிக் குடுங்க மதனி. இது முடி கொட்டிப்போயி மொட்டையா நிக்குது" என்றாள்.

சிரித்தோம். மாப்பு வாங்கிக் கொடுக்கவில்லை. அதுவும் இப்போது ஞாபகம் வருகிறது.

எங்களிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் குமுளி மலை இறங்கி வருகிற மலையாளிகள். தலைக்கு மேலே பந்தலில் கொத்துக்கொத்தாகத் தொங்குகிற திராட்சையைப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி குதிப்பார்கள். சுருளி அருவியில் குளித்துவிட்டு வந்து ராத்தங்குவார்கள். எனக்கு மலையாளம் பேச வரும். இந்தப் பக்கம் கடை வைத்த யாருக்குத்தான் வராது? ஆனால் படிக்க வராது. அந்த எழுத்தெல்லாம் எனக்குச் சுற்றி வைத்த கைமுறுக்கு. அவர்கள் இணையத்தில் எழுதுகிற அபிப்பிராயங்களைப் போனிடம் காட்டுவேன். அது தமிழில் சொல்லும். நான் பதிலைத் தமிழில் சொல்வேன். அது செப்பனிட்டு வாசித்துக் காட்டும். சரி என்றால் மலையாளமாக்கித் தரும், அப்படியே போட்டுவிடுவேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிக்கச் சோம்பல். அடுப்படி மேடையில் போனைச் சாய்த்து வைத்து, சத்தமாக வாசிக்கச் சொல்லித்தான் கேட்பேன்.

ஓணத்துக்கு முன்னால் கோட்டயம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, மாமியார், இரண்டு பிள்ளைகள். சின்னது கைக்குழந்தை. நல்ல மாதிரியான ஆட்கள்தான். இரண்டு நாள் இருந்துவிட்டு, இரண்டு பெட்டி பன்னீர் திராட்சையும் வாங்கிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் போன் வந்தது. குழந்தையின் கையில் கிடந்த தங்க வளையல் ஒன்றைக் காணவில்லை, அறையில் கிடக்கிறதா பாருங்கள் என்றார்கள்.

பார்த்தோம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம். அவள் மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்து உறையைக் கழற்றி உதறினாள். கட்டிலுக்கடியில் படுத்துத் துழாவினாள். குளியலறைச் சல்லடையைப் பிடுங்கி, உள்ளே கையை முழங்கை வரைக்கும் விட்டு, முடியும் சேறுமாக அள்ளித் தரையில் பரப்பி விரலால் நிரடிப் பார்த்தாள். குப்பைக் குழியில் இறங்கி, முந்தின நாள் எச்சில் இலைகளைக்கூடப் புரட்டினாள். கிடைக்கவில்லை. "சுருளித் தண்ணியில வழுக்கியிருக்கும் மதனி, பிஞ்சுக் கை" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அவள் எடுத்திருப்பாள் என்று ஒரு நொடிகூட நான் நினைக்கவில்லை. இதை நான் சத்தியமாகச் சொல்ல முடியும். ஆனால் இந்தச் சத்தியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

மறுநாள் காலையில் ஒரே ஒரு நட்சத்திரத்தோடு அவர்கள் எழுதியது வந்து நின்றது. சாப்பாடு நன்று, இடம் நன்று, ஆனால் நகை பத்திரமில்லை, கவனம். போன் இதை அதன் சாந்தமான குரலில் வாசித்துக் காட்டியபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓணம் லீவுக்கு ஐந்து அறையும் நிரம்ப வேண்டிய நேரம். "நல்லாத் தின்னுட்டு இப்படியா எழுதுவீக" என்று திட்டித் தீர்த்துவிட்டுப் போனிடம் சொன்னேன்: வளையலைத் தேடினோம், கிடைக்கவில்லை. அவர்கள் கோபம் ஆற வேண்டும், படிக்கிற மற்றவர்களும் பயப்படக் கூடாது. அப்படி ஒரு பதில் வேண்டும்.

அது எழுதியது. வாசித்தது. மிகவும் வருந்துகிறோம் என்று ஆரம்பித்து, விருந்தினர் நம்பிக்கையே எங்கள் மூச்சு என்றெல்லாம் போய், கடைசிக்கு முன்னால் இப்படிச் சொன்னது: "அறையைச் சுத்தம் செய்த பணியாளர் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது. அவர் இனி எங்கள் பணியில் இல்லை."

கேட்டதும் நெஞ்சில் ஒன்று குறுகுறுத்தது. பின்வாசல் பக்கம் வாளி வைக்கிற சத்தம் கேட்டது. அவள் துணி அலசிக்கொண்டிருக்கிறாள், வேலையில்தான் இருக்கிறாள், பிறகென்ன இது என்று தோன்றியது. மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். இரண்டாம் தரம் கேட்டபோது அந்தக் குறுகுறுப்பு குறைந்துவிட்டது. மூணாறில் இருக்கிற பெரிய ஓட்டல்காரர்கள் பேசுகிற மாதிரி இருந்தது. அந்த வரி இல்லாவிட்டால் பதிலே சப்பென்று போய்விடும் என்றுகூட நினைத்தேன். பெயரா போட்டிருக்கிறது? கோட்டயத்தில் இருக்கிறவர்களுக்கு இவளை யாரென்று தெரியும்? மலையாளத்தில்தானே போடப்போகிறோம், இங்கே யார் படிக்கப்போகிறார்கள்?

"நல்லாத்தான் இருக்கு, இதையே மலையாளத்துல குடு" என்றேன்.

போட்டுவிட்டு இட்லிக்கு ஊற்றப் போய்விட்டேன். அன்றைக்குச் சட்னி நன்றாக வந்திருந்தது என்பதுகூட நினைவிருக்கிறது.

நாலு நாள் கழித்து, அறைகள் காலியாக இருந்த ஒரு மத்தியானம், அவள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். வழக்கமாக உள்ளே வந்து தரையில் கால் நீட்டி உட்காருகிறவள், நின்றுகொண்டே பேசினாள்.

"மதனி, வளையலத் தொலைச்சவுகளுக்கு நெட்டுல பதில் போட்டிருக்கீகல்ல. அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

நான் பேசுவதற்குள் தன் போனை எடுத்து, அந்தப் பதிலை மலையாளத்தில் வாசித்தாள். தடுமாற்றமே இல்லாமல், பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கிற மாதிரி. பிறகு தமிழில் சொன்னாள்.

"உனக்கு மலையாளம் படிக்கத் தெரியுமா!" என்றேன். என் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான்.

"ஏழாப்பு வரைக்கும் மலைமேல கேரளா ஏலத்தோட்டத்துப் பக்கந்தான மதனி படிச்சேன். எங்கம்மா அங்கனதான வேலை பாத்துச்சு. தமிழுதான் எனக்குப் படிக்கத் தட்டுத் தடுமாறி வரும்."

நாலு வருஷம். மலையாளம் படிக்க ஆளில்லை என்று நான் போனோடு மல்லுக்கட்டிய அத்தனை நாளும், படிக்கத் தெரிந்தவள் மாப்பை வைத்துக்கொண்டு என் வாசலைத் துடைத்திருக்கிறாள். எங்க வளந்தே, என்ன படிச்சே என்று நான் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

"குமுளியில இருந்து ஆளக் கூட்டியார்ற ஜீப்புக்காரக எல்லாம் இதப் படிக்கிறாக மதனி. உன்னய நிப்பாட்டிட்டாகளாமேன்னு ஒருத்தர் கேட்டாரு. நேத்து ஊருக்கு வந்த ஒரு வீட்டுக்காரக சாவிய வாங்கிக்கிட்டாக. ஒண்ணும் சொல்லல. சும்மா, நாங்களே பாத்துக்கிறோம்னாக. இங்கன ரூம் கூட்டுறது நான் ஒருத்திதான, பேரு போடலைன்னா யாருக்கும் தெரியாதா?" அவள் குரல் ஏறவே இல்லை. "நீங்க என்னான்னு தெரிஞ்சுதான் போட்டீகளா?"

நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். தெரிஞ்சுதான் போட்டேன், புத்தி கெட்டுப்போச்சு என்று நாலு வார்த்தை. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எனக்கு எங்கத்தா மலையாளம் படிக்க வரும்? அந்தப் போனு அதுவா எழுதுனது. நான் அப்படியே போட்டுட்டேன்."

வாய் கூசாமல் சொன்னேன். அதில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. மலையாளம் எனக்குப் படிக்க வராது. எழுதியது போன்தான். அப்படியே போட்டதும் நான்தான். உண்மைகளையே அடுக்கி ஒரு பொய் சொல்லலாம் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

"அப்படியா மதனி" என்றாள்.

"இப்பவே எடுத்துர்றேன்" என்று போனைக் கையில் எடுத்தேன்.

"எடுக்காதீக. எடுத்தா, படிச்சவுக மனசுல அது அப்படியே நின்னுரும். அதுக்குக் கீழயே, அவ வளையல எடுக்கல, இங்கனதான் வேலையில இருக்கான்னு ஒரு வரி எழுதுங்க. வேணும்னா நான் சொல்லித் தர்றேன், மலையாளத்துல."

அவள் கேட்டது அந்த ஒரு வரிதான். எனக்கு ஓணம் லீவு கண்ணுக்கு முன்னால் நின்றது. அவள் எடுக்கவில்லை என்று எழுதினால் அப்படியானால் முதலில் எழுதியது பொய்யா என்று அவர்கள் மறுபடியும் ஏதாவது எழுதுவார்கள், சண்டை வளரும், ஊரே வேடிக்கை பார்க்கும். "அதெல்லாம் வம்பாயிரும், இருந்த இடம் தெரியாம எடுத்துட்டாச் சரியாப்போகும்" என்று சொல்லி, அவள் கண்ணுக்கு முன்னாலேயே அழித்துவிட்டேன். அழிந்ததைக் காட்டினேன், பெரிய உபகாரம் செய்தவள் மாதிரி.

அவள் மிச்ச வேலையை முடித்தாள். காய்ந்த துணிகளை மடித்து அடுக்கினாள். மறுநாள் வரவில்லை. சாவிக்கொத்து மோட்டார் ரூம் ஆணியில் தொங்கியது. போன் எழுதிய அந்தப் பதிலில் பொய்யாக இருந்த 'இனி எங்கள் பணியில் இல்லை' என்ற வரி அன்றைக்கு உண்மையாகிவிட்டது.

கணவரிடம் பாதி சொன்னேன். முழுக்கச் சொல்லவில்லை. அந்தப் பாதிக்கே அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "நம்ம வாயால சொல்லுவமா அத? நம்ம வாயால சொல்லாதத போனு சொன்னா மட்டும் சரியா?" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, கொஞ்சம் ஆறியிருப்பேன்.

ஓணத்துக்கு ஐந்து அறையும் நிரம்பியது. கூட்டித் துடைக்க ஆள் இல்லாமல் நானே துடைத்தேன். அந்த மொட்டை மாப்பை வைத்துக்கொண்டு ஒரு அறையை முடிப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது. போய்ப் புதிது வாங்கி வந்தேன். வாங்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அந்தப் பதிலைப் போட்டுக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் கழித்துக் கோட்டயத்திலிருந்து அந்தக் குழந்தையின் அம்மா கூப்பிட்டாள். "சேச்சி, வள கிட்டி", வளையல் கிடைத்துவிட்டது என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். எங்களிடம் வாங்கிப்போன திராட்சைப் பெட்டி ஒன்றைப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் போட வைத்திருந்தாளாம். அடியில் விரித்திருந்த பேப்பரை அன்றைக்குத்தான் உருவினாளாம். அதற்குக் கீழே கிடந்திருக்கிறது. குழந்தை பெட்டிக்குள் கையைவிட்டு விளையாடியபோது கழன்றிருக்க வேண்டும். தான் எழுதியதை உடனே அழித்துவிட்டதாகவும் சொன்னாள்.

நான் "பரவாயில்லம்மா" என்று சொல்லி முடிக்கப் பார்த்தேன். அவள் விடவில்லை. "சேச்சி, ஆ பாவத்தினெத் திரிச்சு விளிக்கணே" என்றாள். அந்தப் பாவப்பட்டவளைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்கிறாள். எங்களால் ஒருத்திக்கு வேலை போய்விட்டதே என்று அந்தப் பதிலைப் படித்த நாள் முதல் மாமியார் புலம்புகிறாராம். வளையல் கிடைக்காவிட்டாலும் அப்படிச் செய்திருக்க வேண்டாம் என்று அப்போதே சொன்னாராம்.

நான் யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை என்று அவளிடம் சொல்ல வேண்டும். பதிலில் எழுதிய அந்த வரி பொய் என்று சொல்ல வேண்டும். "கூப்பிடுறேன்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன். நான் கட்டிவிட்ட பொய்க்கு, முன்பின் தெரியாத ஒரு கிழவி இரண்டு வாரமாக வருந்தியிருக்கிறார். நான் ஓணத்துக்கு முன்பதிவு பார்த்துக்கொண்டிருந்தேன்.

இணையத்தில் போய்ப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அவர்கள் எழுதியதும் போய்விட்டது, நான் எழுதியதும் போய்விட்டது. அவள் கேட்ட அந்த ஒரு வரியை இனி எழுதலாம் என்றாலும் எதற்குக் கீழே எழுதுவது? ஊருக்கு மட்டும் எல்லாம் ஞாபகம் இருந்தது.

அன்றைக்கே தேடிப் போனேன். சுருளிப்பட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் பழம் தரம் பிரிக்கிற வேலைக்குப் போகிறாள் என்றார்கள். தகரக் கொட்டகையில் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, கொத்தில் இருக்கிற அழுகல் பழங்களைச் சின்னக் கத்தரியால் நறுக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சிலருக்கு என்னைத் தெரியும். எழுந்து, "வாங்கக்கா" என்றார்கள். ஒருத்தி உட்காரப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டாள். நான் அதில் உட்காராமல், யாரைத் தேடிப் போனேனோ அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன்.

"ஏத்தா, வளையல் கிடைச்சிருச்சு. அவுக பெட்டியிலயே இருந்திருக்கு."

"கிடைக்கும் மதனி. நான் எடுக்கலைல்ல" என்றாள். கத்தரி நிற்கவில்லை.

"நீ வந்துரு. நான் ஜீப் ஸ்டாண்டுல போயிச் சொல்றேன். சாவி வாங்குன வீட்டுக்காரககிட்டயும் நானே சொல்றேன். அந்தப் போனு பண்ணுன வேலைக்கு நீ ஏன் கஷ்டப்படணும்? எனக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருப்பனா?"

சொல்லிவிட்டேன், அதையும். மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் அதே பொய்யை இரண்டாம் தரம் சொன்னேன். என்னைப் பற்றி எனக்கே இப்போதும் புரியாத இடம் இதுதான்.

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். கொத்தையும் வைத்தாள்.

"அன்னைக்கு நான் பின்வாசல்லதான் இருந்தேன் மதனி. போனு வாசிக்கவும் வாளிய வச்சிட்டு நிமிந்தேன். நீங்க மறுபடியும் வாசிக்கச் சொன்னீக. ரெண்டு தரமும் கேட்டேன். நல்லாத்தான் இருக்குன்னு சொன்னீக."

நாலு நாள் கழித்து வந்து தெரிஞ்சுதான் போட்டீகளா என்று கேட்டாளே, அது தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்வி இல்லை. நான் உண்மை பேசுவதற்கு இடம் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"மலையாளத்துல மாத்தும்போதாவது அந்த வரிய எடுத்திருப்பீகன்னு நெனச்சேன். அதுக்குத்தான் தேடி எடுத்துப் படிச்சுப் பாத்தேன்."

இது எதையும் அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சுற்றி ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்கள் காதில் விழுந்துவிடாதபடி, என் பக்கம் நன்றாகக் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.